ரோமப் பேரரசரின் மகன் தானாகவே அடுத்த பேரரசர் ஆகிவிடுவாரா?

ஆக மாட்டார். ரோமில் சட்டப்படி பட்டத்து இளவரசரே கிடையாது, ஏனென்றால் சட்டப்படி பட்டமே கிடையாது. பெயருக்கு அது குடியரசு. முதல் பேரரசர் அகஸ்டஸ் கையில் இருந்தவற்றில் முக்கியமானவை இரண்டு: மாகாணங்களையும் படைகளையும் ஆளும் 'இம்பீரியம்', மூத்தோர் அவையான செனட்டைக் கூட்டவும் எந்த முடிவையும் தடுக்கவும் உதவும் 'டிரிபியூன்' அதிகாரம். இரண்டும் அந்த ஆளுக்கென்று கொடுத்தவை. ஆள் போனால் அவையும் போச்சு. உயில் வழியே மகனுக்குப் போவது சொத்தும் குடும்பப் பெயரும்தான்.

ஆகவே உயிரோடு இருக்கும்போதே அதிகாரத்தைக் கைமாற்றிவிட வேண்டும். பேரன்கள் லூசியஸ், கயஸ் இருவரும் இறந்தபின், அகஸ்டஸ் கி.பி. 4இல் மனைவியின் மகன் டைபீரியஸைத் தத்தெடுத்து டிரிபியூன் அதிகாரம் வாங்கிக் கொடுத்தார். 13இல் மாகாணங்களில் தனக்குச் சமமான இம்பீரியம். மறு ஆண்டு அகஸ்டஸ் கண்மூடியபோது டைபீரியஸிடம் எல்லாமே இருந்தது.

இந்த ஏற்பாடு இல்லாத இடத்தில் பேரரசரின் மெய்க்காவலான பிரிட்டோரியக் காவல்படை புகுந்துவிடும். 41இல் பேரரசர் கலிகுலா கொலையானதும் செனட் கூடிப் பேசிக்கொண்டிருந்தது. படை அவருடைய சித்தப்பா கிளாடியஸைத் தன் முகாமுக்குத் தூக்கிப்போனது. பேரரசரான கிளாடியஸ் படைவீரர் ஆளுக்கு 15,000 செஸ்டர்ஸ் (ரோம நாணயம்) கொடுத்தார், கிட்டத்தட்ட ஐந்தாண்டுச் சம்பளம். அந்த முகாமின் படத்தையே நாணயத்தில் அச்சடித்தார். நன்றிக்கடனை இவ்வளவு வெளிப்படையாக யாரும் ஒப்புக்கொண்டதில்லை! பேரரசர் கால்பா 69 ஜனவரி 10 அன்று பீசோவைத் தத்தெடுத்து, அதே முகாமில் போய் அறிவித்தார். பணத்தைப் பற்றி மூச்சுவிடவில்லை. ஐந்தாம் நாள் இருவர் தலையும் போனது. தத்து மட்டும் போதாது.

'தகுதி பார்த்துத் தத்தெடுத்த நல்ல பேரரசர்கள்' என்று அடுத்த நூற்றாண்டுப் பேரரசர்களைப் பற்றிச் சொல்வதைப் பாதிதான் நம்பலாம். நெர்வா, டிராஜன், ஹாட்ரியன், அன்டோனினஸ் நால்வருக்கும் உயிரோடு மகன் இல்லை. நெர்வா 97இல் டிராஜனைத் தத்தெடுத்ததுகூட, காவல்படை அவரையே மிரட்டிய பிறகு, டிராஜன் ஆண்ட மேல் ஜெர்மானியா மாகாணத்தின் படைபலத்துக்காகத்தான். மகன் இருந்த மார்க்கஸ் அரேலியஸ், கொமோடஸை 177இலேயே இணைப் பேரரசராக்கிவிட்டார். 180இல் சண்டை சச்சரவில்லாமல் கைமாறியது.

கொமோடஸ் வாரிசு வைக்காமல் 192 கடைசி நாளில் கொலையானார். அடுத்து வந்த பெர்டினாக்ஸை 87 நாளில் கொன்ற காவல்படை, பதவியை ஏலமே விட்டது. முகாமுக்குள்ளிருந்து பெர்டினாக்ஸின் மாமனார் சுல்பிசியானஸ் ஆளுக்கு 20,000 வரை ஏற்றினார். மதிலுக்கு வெளியே நின்ற செனட் உறுப்பினர் டிடியஸ் ஜூலியானஸ் ஒரே தாவலில் 5,000 கூட்டிக் கேட்டு, விரல்விட்டும் காட்டினார். ஏலம் அவருக்கே விழுந்தது. ஆண்டது 66 நாள்.