இமை அறுவைக்கு எந்த மயக்க மருந்து நல்லது: புரோபோஃபாலா, மிடாசோலமா, டெக்ஸ்மெடெடோமிடினா?

எழுபது வயது அம்மாவுக்குத் தொங்கிப்போன மேல் இமையைத் தூக்கும் பிளாஸ்டிக் சர்ஜரி, லோக்கல் ஊசியோடு லேசான மயக்கமும் தருவார்கள், இந்த மூன்றில் எதைக் கேட்பது என்று கேட்டிருக்கிறீர்கள். கடையில் கேட்டு வாங்குகிற மாதிரி இதைக் கேட்க முடியாதுதான். ஆனாலும் தெரிந்துகொண்டு பேசுவது நல்லது. மயக்க மருந்து மருத்துவராக என் பதில் இது.

புரோபோஃபால் பால் மாதிரி வெள்ளையாக இருக்கும். ஏற்றும்போது கை எரியும். அரை நிமிடத்தில் தூக்கம். நிறுத்தினால் சில நிமிடங்களில் விழிப்பு. வாந்தியும் குறைவு. அதனால் ஆபரேஷன் தியேட்டரில் அது செல்லப்பிள்ளை. ஆனால் அளவு கொஞ்சம் கூடினாலும் மூச்சு மந்தமாகும், நின்றும் போகலாம். முறிக்க மாற்று மருந்தும் கிடையாது.

வயிற்றிலோ காலிலோ அறுவை என்றால் நோயாளியின் தலைமாட்டில் நாங்கள் இருப்போம். முக அறுவையில் அந்த இடம் சர்ஜனுக்குப் போய்விடும், மூச்சு மந்தமானால் சட்டென்று கைகொடுப்பது கஷ்டம். மூக்கில் குழாய் வைத்து ஆக்சிஜன் கொடுத்தால், அது முகத்தைச் சுற்றிப் போர்த்திய துணிக்கடியில் தேங்கி, காட்டரியின் (ரத்தக்கசிவைச் சுட்டு நிறுத்தும் கருவி) பொறி பட்டுத் தீப்பிடிக்கும் ஆபத்து வேறு. அதனால் முகத்துக்கு, ஆக்சிஜன் அதிகம் கேட்காத மருந்தே எனக்குப் பிடிக்கும்.

இன்னொரு தொல்லை தும்மல். பயிற்சிக் காலத்தில் ஒருவருக்குப் புரோபோஃபால் கொடுத்து நன்றாகத் தூங்க வைத்துவிட்டேன். சர்ஜன் இமையில் ஊசியைக் கொண்டுபோன நொடியில் அவர் தலையே எகிறுகிற மாதிரி ஒரு தும்மல் போட்டார். நல்லவேளை, ஊசி வெளியேதான் இருந்தது. சர்ஜன் மாஸ்க்குக்கு மேலே என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. புரோபோஃபால் மயக்கத்தில் கண்ணருகே ஊசி போடும்போது சிலருக்கு இப்படி வரும் என்று அப்புறம்தான் படித்தேன்.

டெக்ஸ்மெடெடோமிடின் வேறு வகை. கிலோவுக்கு 1 மைக்ரோகிராம் வரை, பத்து நிமிடத்தில் மெதுவாக ஏற்றுவோம். வயதானவர்களுக்கு அதிலும் குறைப்போம். இயல்பான தூக்கம் மாதிரி இருக்கும், மூச்சு அவ்வளவாகக் குறையாது. "அம்மா, கண்ணைத் திறந்து மேலே பாருங்க" என்றால் திறந்து பார்ப்பார்கள். இமை எவ்வளவு தூக்கியிருக்கிறது என்று பாதியில் பார்க்க சர்ஜனுக்கு இது வேண்டும். குறை என்னவென்றால், நாடித்துடிப்பும் பிரஷரும் இறங்கும், தெளியவும் நேரமாகும்.

மிடாசோலம் பயத்தையும் ஞாபகத்தையும் அழிக்கும். எல்லாம் முடிந்தபிறகு "எப்ப டாக்டர் ஆரம்பிப்பீங்க?" என்று கேட்பவர்கள் உண்டு. இதற்கு ஃப்ளூமாசெனில் என்ற முறிமருந்தும் இருக்கிறது. ஆனால் வயதானவர்களுக்கு மிகக் குறைவாகத்தான் தருவேன், குழப்பம் வரலாம். நீங்கள் கேட்காத கெட்டமினைப் பற்றியும் ஒரு வார்த்தை: தீக்காயத்துக்குக் கட்டு மாற்ற அருமையான மருந்து. இமைக்கு வேண்டாம், பிரஷரை ஏற்றி ரத்தக்கசிவை அதிகமாக்கும்.

சரி, உங்கள் அம்மாவுக்கு? நானாக இருந்தால் குறைந்த அளவில் டெக்ஸ்மெடெடோமிடின். ஆனால் அவர் அட்டெனோலால் மாதிரி நாடியை மெதுவாக்கும் பிரஷர் மாத்திரை எடுக்கிறார், நாடி ஏற்கெனவே மெதுவாக ஓடுகிறது என்றால் யோசிப்பேன். மாத்திரைச் சீட்டை அப்படியே கொண்டுபோய்க் காட்டுங்கள். இரவில் குறட்டை பலமா என்பதையும் சொல்லிவிடுங்கள். கடைசிவரை மயக்க மருத்துவர் கூடவே இருப்பாரா, மூச்சை அளக்கும் கேப்னோகிராஃப் உண்டா என்று கேளுங்கள். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அறுவைக்கு முந்தைய ஆறு மணி நேரம் சாப்பாடு கூடாது. வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்புவரை பரவாயில்லை. லோக்கல்தானே என்று இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு வந்தவர்களை நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன்.