தலை கழுத்தில்தான் இருக்க வேண்டும்

அன்புள்ள ஐயா,

ஜப்பானின் கோல்டன் வீக் விடுமுறையில் ஃபுகுவோகாவிலிருந்து குடும்பத்தோடு உசுகியில் பாறையில் செதுக்கிய கல்புத்தர்களைப் பார்க்கப் போனோம். ஃபுருசோனோ என்ற தொகுதியில் உள்ள தைனிச்சி புத்தரின் தலை நெடுங்காலம் கீழே கிடந்ததாம், இப்போது கழுத்தில் வைத்திருக்கிறார்கள். பழைய புகைப்படத்தில் இருந்த சோகம் இப்போதைய சிலையில் இல்லை. போதாக்குறைக்கு மேலே கூரை வேறு. "இவருக்கு ஏன் கால் இல்லை?" என்று மகள் கேட்டாள். யாரோ உடைத்துவிட்டார்கள் என்றேன். பல்லவர் சிற்பங்களோடு இவற்றுக்குத் தொடர்பு உண்டா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பாறையைக் கண்டாலே மாமல்லபுரம் ஞாபகம் வருவது நமக்கு ஒரு வியாதி. இவை 12, 13ஆம் நூற்றாண்டு வேலை. பல்லவரை விட்டுவிடுங்கள்.

மகளிடம் ஏன் தப்பாகச் சொன்னீர்கள்? யாரும் உடைக்கவில்லை. அசோ எரிமலை கக்கிய சாம்பல் இறுகிய பாறை அது. உளிக்கு இணங்கும், தண்ணீருக்கும் இணங்கிவிடும். அடியிலிருந்து ஈரம் ஏறும், குளிர்காலத்தில் உறையும், பொருக்குப் பொருக்காக உதிரும். முகத்தில் சாயம்கூட மிச்சமிருக்கிற சிலைக்கு முழங்கால் இல்லாமல் போனது அப்படித்தான். மழையாவது படாமல் இருக்கட்டும் என்றுதான் நீங்கள் அலுத்துக்கொண்ட கூரை. இன்றைக்கே அவளிடம் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் சிலையை ஒழுங்காகப் பார்த்தது அவள்தான்.

சரி, தலை. 1993இல் அதைத் திரும்பக் கழுத்தில் வைத்தார்கள். உள்ளூரிலேயே வேண்டாம் என்றவர்கள் உண்டு. கீழே இருந்த முகத்தைக் குனிந்து கும்பிட்டே வளர்ந்தவர்கள், அவர்களுக்குத் தயக்கம் இருக்கும். உங்களுக்கென்ன? ஒரு நாள் பார்த்துவிட்டு ரயிலேறுகிறவருக்குச் சிதைவு அழகாகத்தான் தெரியும். செதுக்கியவன் அந்த முகத்தை மண்ணில் வைக்கவா செதுக்கினான்? நீண்டு ஒடுங்கிய அந்தக் கண்கள் மேலேயிருந்து பார்த்தால்தான் பார்வை. நோயாளி எழுந்து உட்கார்ந்துவிட்டார், படுத்திருந்தபோது இன்னும் உருக்கமாக இருந்தார் என்கிறீர்கள்! 1995இல் தேசியப் பொக்கிஷமாக அறிவித்தார்கள். ஜப்பானில் கல்புத்தருக்கு அந்தக் கௌரவம் அதுதான் முதல் முறை.

நான் போயிருந்தபோது கோட்டு போட்ட ஒருவர் வெகுநேரம் கைகூப்பி நின்றார். ஜப்பானில் வேலை போவதைக் கழுத்து போவது என்பார்கள்; அதனால் தலை திரும்பக் கிடைத்த புத்தர் வேலை போகாமல் காப்பார் என்று அங்கே ஒரு நம்பிக்கை. சிரிக்காதீர்கள். உங்கள் புகைப்படச் சோகத்தைவிட அவருடைய பயம் எனக்கு நெருக்கம்.

அப்புறம், அடுத்த விடுமுறையில் குனிசாகிப் பக்கம் குமானோவுக்குப் போங்கள். அங்கே பாறையில் எட்டு மீட்டர் உயரமான ஃபுடோ, உக்கிரமான காவல் தெய்வம். படிகள் கரடுமுரடு. ஒரே ராத்திரியில் ஒரு பூதம் அடுக்கியது என்று கதை. அதைச் சொன்னால் மகள் ஓடியே ஏறிவிடுவாள். அடிவாரத்தில் கைத்தடி வைத்திருப்பார்கள், நீங்கள் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.