காரில் இருக்கப்போவது யார்?

கேள்வி (கடிதத்தின் சுருக்கம்): அடுத்த மாதம் என் பள்ளித் தோழிக்குக் கல்யாணம். 700 கிலோமீட்டர் தூரம், காரில் போகிறோம். கடுங்குளிர் காலம், வழியெல்லாம் பனி கொட்டும். எங்கள் நாய்க்கு 11 வயது, பின்னங்காலில் மூட்டு வலி. ஒருமுறை நாய்களுக்கான விடுதியில் விட்டபோது இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தது. என் நாத்தனாரிடம் நன்றாக ஒட்டிக்கொள்ளும். ஆனால் போன வருடம் நான் வணக்கம் சொல்லியும் அவர் முகம் கொடுக்கவில்லை, அதிலிருந்து எங்களுக்குள் ஒரு மனத்தாங்கல். அவரிடம் போய்க் கேட்க எனக்கு மனமில்லை. அதனால் கூடவே அழைத்துப் போவது என்று முடிவு செய்துவிட்டேன். மண்டபத்துக்குள் நாயை விடமாட்டார்கள். அந்த ஐந்தாறு மணி நேரம் என் மகன் (13 வயது) ஹீட்டரைப் போட்டுக்கொண்டு அதனோடு காரில் இருந்துகொள்வான். அவனுக்குக் கல்யாணக் கூட்டமெல்லாம் பிடிக்காது, சொன்னால் கேட்டுக்கொள்வான். எத்தனை போர்வை எடுத்துப் போகலாம்? வழியில் நாய் தூங்குவதற்கு மாத்திரை கொடுக்கலாமா? 'இதெல்லாம் தேவையா' என்று கேட்கும் என் கணவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது? மகனுக்குப் புதுச் சட்டை, கோட்டு எல்லாம் போன மாதமே எடுத்தாயிற்று. கிளம்ப வேண்டியதுதான் பாக்கி.

பதில்:

சகோதரி, உங்கள் கடிதம் நான்கு பக்கம். அதில் மூன்று பக்கம் நாயைப் பற்றி. அதன் மூட்டு வலி, அது எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கும், விடுதியில் எப்படி ஏங்கிப்போனது என்று எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். மகனைப் பற்றி எழுதியது மூன்றே வரி. காரில் இருந்துகொள்வான், கூட்டம் பிடிக்காது, சொன்னால் கேட்டுக்கொள்வான். எனக்கு அந்த மூன்று வரிதான் முக்கியம்.

அவனுக்குக் கூட்டம் பிடிக்காது என்று யார் சொன்னது? அவனா, நீங்களா? கூட்டம் பிடிக்காத பிள்ளைக்கு ஒரு மாதம் முன்பே புதுச் சட்டையும் கோட்டும் எதற்கு? இருட்டில், பனியில், நிற்கிற காரின் பின்சீட்டில் போட்டுக்கொண்டு உட்காரவா? எடுத்துக் கொடுத்தபோது அவன் கண்ணாடி முன்னால் நின்று போட்டுப் பார்த்திருப்பான். அந்த முகத்தைப் பார்த்த பிறகும் இப்படி ஓர் ஏற்பாட்டை உங்களால் எப்படி எழுத முடிந்தது என்று புரியவில்லை.

இந்த மாதிரிக் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. எல்லா வீட்டிலும் ஒரு பிள்ளை இருக்கிறது, மறுத்துப் பேசாத பிள்ளை. பெரியவர்கள் தங்களுக்குள் பேசித் தீர்க்காமல் விட்ட வேலையெல்லாம் கடைசியில் அதன் தலையில்தான் வந்து விழும். பாட்டிக்குத் துணை இரு, வீட்டைப் பார்த்துக்கொள், தம்பியைத் தூங்க வை, நாயோடு காரில் இரு. அதுவும் சரி என்று சொல்லும். சொல்லச் சொல்ல, இதற்கு ஆசையே கிடையாது என்று வீட்டில் எல்லோரும் நம்பிவிடுவார்கள். பெற்றவர்களின் முதல் கடமை, கேட்காத பிள்ளையிடம் போய்க் கேட்பது. கேட்கிற பிள்ளைக்கு எப்படியும் கிடைத்துவிடும்.

மனசு ஒரு பக்கம் இருக்கட்டும். உங்கள் ஏற்பாட்டில் உயிருக்கே ஆபத்து இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பனி கொட்டும்போது என்ஜினை ஓடவிட்டு நிறுத்திய காரில் புகைக்குழாய் தாழ்வாகத்தான் இருக்கும். பின்னால் பனி குவிந்தால் அதன் வாய் அடைபடும். பக்கத்து வண்டிக்காக ஒதுக்கித் தள்ளிய பனிகூட அடைத்துவிடும். வெளியே போக வேண்டிய புகை காருக்கு அடியில் தேங்கி உள்ளே ஏறும். அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபினை இந்த வாயு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் மூளைக்கும் இதயத்துக்கும் போக வேண்டிய ஆக்சிஜன் போகாது. முதலில் தலை வலிக்கும், பிறகு குமட்டும், கண்ணைச் சுழற்றிக்கொண்டு வரும். முந்தின நாள் முழுக்கக் காரில் வந்த பையன் அதைப் பயணக் களைப்பு என்றுதான் நினைப்பான். நாயைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடுவான். நாய் குரைத்து எழுப்பிவிடும் என்று நம்பாதீர்கள், அதுவும் அதே காற்றைத்தான் இழுக்கிறது. ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைத்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். அதை நம்பி ஒரு குழந்தையை உள்ளே விட முடியாது. உள்ளே மேடையில் உங்கள் தோழிக்குப் பக்கத்தில் நீங்கள் சிரித்துக்கொண்டு நிற்கும் நேரத்தில் வெளியே இது நடக்கலாம். பயமுறுத்துகிறேன் என்று நினைத்தால், ஆமாம், பயமுறுத்தத்தான் எழுதுகிறேன்.

சரி, என்ஜினை நிறுத்திவிட்டால்? நின்றுபோன கார் வெளிக் குளிருக்கு வேகமாக இறங்கிவிடும். நாயின் இயல்பான உடல் சூடு 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை, நம்மைவிடச் சற்று அதிகம். வயதான உடம்பு அதைக் காப்பாற்றத் திணறும், குளிரில் மூட்டு வலியும் கூடும். எத்தனை போர்வை என்று கேட்டீர்கள். போர்வை சூட்டை உண்டாக்காது, உடம்பு உண்டாக்குகிற சூட்டை வெளியே போகாமல் வைக்கும், அவ்வளவுதான். அந்தச் சூடே குறைந்துகொண்டு வரும்போது மூன்று போர்வை இருந்தாலும் ஐந்து மணி நேரத்துக்குத் தாங்காது. பையனுக்கும் இதேதான். ஆக, என்ஜின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அந்தக் காரில் யாரும் இருக்கக் கூடாது.

மாத்திரை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் இருக்கும் தூக்க மாத்திரையையோ வலி மாத்திரையையோ ஒரு துண்டுகூடக் கொடுக்காதீர்கள். பாராசிட்டமாலும் இபுப்ரோஃபெனும் நாய்க்கு நஞ்சாகலாம். நாய்க்கென்றே இருக்கும் மயக்க மருந்துகளில்கூடச் சில ரத்த அழுத்தத்தை இறக்கும், உடல் சூட்டைச் சமாளிக்கிற திறனையும் குறைக்கும். குளிர்ப் பயணத்தில் ஒரு கிழ நாய்க்கு அது இரட்டை ஆபத்து. வண்டியில் வாந்தி எடுக்கும் என்றால் கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். மரோபிட்டன்ட் போல, மயக்கம் தராமல் வாந்தியை மட்டும் நிறுத்துகிற மருந்து இருக்கிறது. கொடுக்கலாமா, எவ்வளவு என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இப்போது நாத்தனாருக்கு வருகிறேன், ஏனென்றால் முடிச்சு அங்கேதான் விழுந்திருக்கிறது. நாய் அவரிடம் ஒட்டிக்கொள்ளும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது தெரிந்த வீடு, தெரிந்த மனிதர். விடுதியில் ஏங்கியதுபோல அங்கே ஏங்காது. இதற்குமேல் என்ன வேண்டும்? அவரிடம் போய்க் கேட்க வேண்டும், அது ஒன்றுதான் உங்களுக்குத் தடை. உங்கள் வணக்கத்துக்கு அவர் முகம் கொடுக்கவில்லை என்ற கோபத்தை ஒரு வருடமாக வைத்திருக்கிறீர்கள். வைத்துக்கொள்ளுங்கள், அது உங்கள் பாடு. ஆனால் அந்தக் கோபத்துக்காகப் பனியில் காவல் உட்காரப்போவது உங்கள் மகன். ஒரு கிழ நாயையும் 1,400 கிலோமீட்டர் இழுத்தடிக்கப்போகிறீர்கள். உங்களுக்கும் அவருக்கும் இடையில் நடந்ததற்கு இந்த இரண்டு பேரும் என்ன செய்தார்கள்?

குடும்பத்தில் உதவி கேட்பதைத் தோற்றுப்போவதாக நினைக்கிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. பேச்சு நின்றுபோன உறவில் மன்னிப்புக் கேட்பதைவிட உதவி கேட்பது எளிது. கேட்கப்படுகிறவருக்கும் அது மரியாதை, 'உங்களை நம்பித்தான் விடுகிறேன்' என்று அர்த்தம். போன வருடத்துக் கதையை எடுக்கவே வேண்டாம். "அண்ணி, மூன்று நாள் நாயைப் பார்த்துக்கொள்ள முடியுமா? உங்களிடம் விட்டால்தான் எனக்கு நிம்மதி" என்று கேளுங்கள். அவர் மறுத்தால் மறுக்கட்டும், நீங்கள் கேட்டதில் எந்தக் குறையும் வந்துவிடாது. கணவரை விட்டுக் கேட்கச் சொல்லலாமா என்று யோசிப்பீர்கள். வேண்டாம். மனத்தாங்கல் உங்களுடையது, நீங்களே பேசுங்கள்.

உங்கள் கணவரிடமும் எனக்குக் கோபம்தான். 'இதெல்லாம் தேவையா' என்று ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு அவர் ஒதுங்கிக்கொண்டார். மகன் காரில் உட்காரப்போகிறான் என்பது அவருக்கும் தெரியும்தானே? அப்பா வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். அவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது என்று கேட்கிறீர்கள். சம்மதம் வாங்க வேண்டாம், அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். நாத்தனாரால் முடியாவிட்டால் அவர் நாயோடு வீட்டில் இருக்கட்டும். நீங்களும் மகனும் ரயிலிலோ பஸ்ஸிலோ போய் வாருங்கள். தோழிக்கு வேண்டியது நீங்கள் பக்கத்தில் நிற்பது. குடும்பம் முழுக்க வந்திறங்கினால்தான் நட்பு என்று அவர் நினைக்கப்போவதில்லை.

இரண்டுமே முடியாது, நாயும் வந்தே ஆக வேண்டும் என்றால், மண்டபத்துக்குப் பக்கத்தில் நாயை அனுமதிக்கிற, சூடேற்றிய அறை ஒன்றை இப்போதே பேசி உறுதி செய்துகொள்ளுங்கள். நாயோடு நீங்களும் உங்கள் கணவரும் மணிக்கணக்கு வைத்து மாறி மாறி இருங்கள். மகனை அந்த முறையில் சேர்க்காதீர்கள். 700 கிலோமீட்டரைப் பனியில் ஒரே மூச்சில் ஓட்டாதீர்கள், நடுவில் ஓர் இரவு தங்குங்கள். கிளம்புவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பே நாய்க்குக் கொஞ்சமாகச் சாப்பாடு கொடுத்துவிடுங்கள். பின்சீட்டில், மார்புப் பட்டையைச் சீட் பெல்ட்டோடு பூட்டி உட்கார வையுங்கள். முன்சீட்டில் ஏர்பேக் விரிந்தால் அதன் உயிருக்கு ஆபத்து. இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை இறக்கி மெதுவாக நடத்துங்கள், இல்லாவிட்டால் அந்த மூட்டு பிடித்துக்கொள்ளும். சாலையில் பனி உருகத் தூவும் உப்பு பாதத்தை வெடிக்க வைக்கும், அதை நக்கினால் வயிற்றையும் கெடுக்கும். ஒவ்வொரு முறையும் வெதுவெதுப்பான தண்ணீரில் பாதத்தைத் துடைத்துவிட்டு ஏற்றுங்கள். வண்டிகள் நிற்கிற இடத்தில் தரையில் எதையும் நக்க விடாதீர்கள். கார் ரேடியேட்டரில் ஊற்றுகிற உறைதடுப்புத் திரவம் ஒழுகிக் கிடக்கலாம். அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், கொஞ்சம் உள்ளே போனாலே சிறுநீரகம் போய்விடும். நக்கிவிட்டது என்ற சந்தேகம் வந்தாலே பயணத்தை நிறுத்திவிட்டு நேராக மருத்துவரிடம் ஓடுங்கள். அறிகுறி தெரியட்டும் என்று காத்திருந்தால் காப்பாற்றும் நேரம் தப்பிவிடும்.

ஆனால் இதையெல்லாம் படித்துவிட்டு, சரி, அறை எடுத்துவிடலாம் என்று நாத்தனாரைத் தாண்டிப் போய்விடாதீர்கள். உங்கள் நாய்க்கு நல்லது அவர் வீடுதான்.

இன்று மாலை மகன் பள்ளியிலிருந்து வந்ததும் அவனை உட்கார வைத்துக் கேளுங்கள். "உனக்குக் கல்யாணத்துக்கு உள்ளே வர ஆசையா?" என்று மட்டும். நாயின் பெயரை எடுக்காதீர்கள், எடுத்தால் உங்களுக்காக மறுபடியும் சரி என்றுதான் சொல்வான். அவன் பதில் சொல்லும்வரை நீங்கள் பேசாமல் இருங்கள். அப்புறம் நாத்தனாருக்குப் போன் செய்யுங்கள். அவர் ஒத்துக்கொண்டால் மகனையும் கூட்டிக்கொண்டு போய் நாயை விட்டு வாருங்கள். அது எப்போது சாப்பிடும், எந்தக் காலில் வலி, எங்கே தடவிக்கொடுத்தால் தூங்கும் என்பதை அத்தையிடம் அவனே சொல்லட்டும். அது படுக்கிற பழைய போர்வையைத் துவைக்காமல் அப்படியே கொடுங்கள். உங்கள் வீட்டு வாசனை அதில் இருந்தால் முதல் ராத்திரி ஏங்காமல் படுத்துவிடும்.