கான்வென்ட் என்று நினைத்து ஏமாந்த கதை

ஆகஸ்டில் பென்சில்வேனியா வருகிறீர்கள், ஒன்பதாம் வகுப்புப் போகும் மகளை எங்கே சேர்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். "அங்கே அரசுப் பள்ளிகளில் பரிணாமத்துக்குப் பதிலாகக் கடவுள் படைத்த கதையை நடத்துகிறார்களாமே, தனியார் பள்ளிதான் நல்லதா?" வாடகை, கார், கிரெடிட் ஸ்கோர் பற்றிச் சொல்ல நூறு பேர் வருவார்கள். பள்ளி விஷயத்தில் நான் சூடுபட்ட பூனை.

தம்பி, விஷயம் அப்படியே தலைகீழ். தடை அரசுப் பள்ளிக்குத்தான். பரிணாமம் நடத்தினால் படைப்புவாதமும் (அந்தக் கடவுள் படைத்த கதைதான்) நடத்த வேண்டும் என்ற லூசியானா சட்டத்தை 1987-லேயே உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. அரசு எந்த மதத்தையும் தூக்கிப் பிடிக்கக் கூடாது என்கிற, அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தம்தான் காரணம். தனியார் பள்ளியை அது கட்டுப்படுத்தாது.

2003-ல் ஹாரிஸ்பர்க் வந்தபோது எனக்கு இது தெரியாது. என் மனைவி பாளையங்கோட்டையில் சிஸ்டர்களிடம் படித்தவள். கிறிஸ்தவப் பள்ளி என்றால் ஒழுங்கு இருக்கும் என்று ஒரு சின்ன சபை நடத்திய பள்ளியில் பையனை ஏழாவதில் சேர்த்தோம். சம்பளத்தில் கால்வாசி ஃபீஸுக்கே போனது. பூமியின் வயது 450 கோடி ஆண்டு என்று பரீட்சையில் எழுதியிருந்தான். சிவப்பு மையில் அடித்து, ஆறாயிரம் என்று திருத்தி வந்தது! ஊரில் சிஸ்டர்கள் டார்வினைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு நடத்தினார்கள். இங்கேயும் கத்தோலிக்கப் பள்ளிகளுக்குப் பரிணாமத்தோடு சண்டை இல்லை. சபைக்குச் சபை வித்தியாசம் உண்டு என்பது பணம் கட்டிய பிறகுதான் புரிந்தது.

மறு வருடம் அரசுப் பள்ளிக்கு மாற்றினோம். அந்த அக்டோபரில்தான் பக்கத்து டோவரில் கூத்து ஆரம்பித்தது. டார்வின் கோட்பாட்டில் ஓட்டைகள் உண்டு, 'அறிவார்ந்த வடிவமைப்பு', அதாவது உயிர்களை ஏதோ ஒரு பேரறிவு திட்டமிட்டு உருவாக்கியது என்று வேறொரு விளக்கமும் உண்டு என ஒன்பதாம் வகுப்பு உயிரியலில் வாசிக்க வேண்டும் என்றது பள்ளி வாரியம். ஆசிரியர்கள் மாட்டோம் என்றுவிட்டார்கள், நிர்வாகிகளே வகுப்புக்கு வந்து வாசித்தார்கள். பதினொரு பெற்றோர் வழக்குப் போட்டார்கள். விசாரணை எங்கள் ஹாரிஸ்பர்க்கில். ஆபீசில் மதியச் சாப்பாட்டு மேசையில் வேறு பேச்சே இல்லை. 2005 டிசம்பர் 20-ல் நீதிபதி ஜான் ஜோன்ஸ், ஜனாதிபதி ஜார்ஜ் டபிள்யூ. புஷ் நியமித்தவர்தான், அறிவார்ந்த வடிவமைப்பு அறிவியலே அல்ல என்று 139 பக்கத்தில் எழுதினார். வழக்குச் செலவு பத்து லட்சம் டாலர் பள்ளி மாவட்டத்தின் தலையில்.

தீர்ப்புக்கு முன்பே, நவம்பர் தேர்தலில் நின்ற வாரிய உறுப்பினர்கள் எட்டுப் பேரையும் ஊர் வீட்டுக்கு அனுப்பிவிட்டது. ஆமாம், பள்ளி வாரியத்துக்குத் தேர்தல் உண்டு. இருபது வருடம் இங்கே இருக்கும் நம்மவர்கள் பலருக்கு இது தெரியாது. கல்லூரியில் சேர எழுதும் எஸ்ஏடி தேர்வின் மார்க் மட்டும் தெரியும். ஓட்டு இல்லாவிட்டாலும் கூட்டத்தில் போய் உட்காருங்கள். நான் இதைச் சொன்னால், "தசாவதாரமே பரிணாமம்தானே, மீன், ஆமை, பன்றி" என்று வாட்ஸ்அப்பில் பாடம் எடுக்கிறார்கள். அதையும் அறிவியல் வகுப்பில் வைக்கச் சொல்வார்களோ என்று எனக்குப் பயம்.

மற்றபடி, குளிருக்கு ஜாக்கெட்டை அங்கிருந்து வாங்கி வராதீர்கள். நான் பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கியது முதல் பனியிலேயே ஜிப் கழன்றுவிட்டது. பஸ் நிறுத்தத்தில் அதைக் கையால் பிடித்துக்கொண்டே நாற்பது நிமிடம் நின்றேன்.