ஒரே பெட்டி, சுரங்கத்திலும் புறநகரிலும்: கேள்வி பதில்

கேள்வி: மெட்ரோ சுரங்கத்திலும் புறநகர்ப் பாதையிலும் ஓடும் பெட்டி என்பது புது யோசனையா சார்?

பதில்: இல்லை. 1905இலேயே நியூயார்க்கின் லாங் ஐலண்ட் ரயில்வே இதற்காக 134 எஃகுப் பெட்டிகள் வாங்கியது. அந்நகரின் சுரங்க ரயில் நிறுவனமான ஐ.ஆர்.டி.க்கு எஃகுப் பெட்டி வடிவமைத்த ஜார்ஜ் கிப்ஸ்தான் இதற்கும் பொறியாளர்; அளவும் ஏறக்குறைய அதே. புரூக்ளினில் சுரங்கப் பாதைக்குள் நுழைந்து மன்ஹாட்டன் வரை நேரே போகலாம் என்பது திட்டம். அந்த ஓட்டம் கடைசிவரை தொடங்கவே இல்லை. அவ்வளவு பொருத்தமாகச் செய்த பெட்டிகள்! எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை.

கேள்வி: பெட்டி உள்ளே நுழைந்தால் போதாதா? வேறென்ன சிக்கல்?

பதில்: பிளாட்பார உயரம். லண்டனில் பேக்கர்லூ என்ற சுரங்க ரயில் புறநகரான வாட்ஃபோர்டு வரை போனது. ட்யூப் (குறுகிய ஆழ்சுரங்க ரயில்) பெட்டி தாழ்வு, மெயின் லைன் பிளாட்பாரம் உயரம். அதனால் 1920இல் வந்த பெட்டிகளின் தளத்தை நாலரை அங்குலம் உயர்த்தினார்கள். சுரங்க நிலையத்தில் காலைத் தூக்கி வைத்து ஏற வேண்டும். வாட்ஃபோர்டு பக்கம் காலைத் தாழ்த்தி உள்ளே வைக்க வேண்டும். இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்கொடுத்த அளவு அது.

கேள்வி: அப்புறம் எங்கேதான் இது நன்றாக நடந்தது?

பதில்: டோக்கியோவில். அங்கே பழைய கின்சா சுரங்கப் பாதைக்கு மின்சாரம் மூன்றாவது தண்டவாளத்தில் வரும். மேலே கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கும் புறநகர் ரயில் அதற்குள் போக முடியாது. ஆகவே இப்போது அசாகுசா லைன் என்று அழைக்கப்படும் பாதையை, தோண்டும்போதே புறநகர் ரயிலுக்கு ஏற்ப மேல்கம்பியோடு அமைத்தார்கள். மீதி இருந்தது தண்டவாள அகலம். இதில் இணையவிருந்த புறநகர் ரயில் நிறுவனங்கள் இரண்டு: கேய்க்யூவுக்கு 1435 மி.மீ., கேய்செய்க்கு 1372. வெறும் 63 மி.மீ. வித்தியாசம்! 1959இல் கேய்செய் தன் முழுப் பாதையையும் பகுதி பகுதியாக, சேவையை நிறுத்தாமல், சுமார் 50 நாளில் மாற்றி முடித்தது. எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகப் பிடித்த இடம் இதுதான். 1960 டிசம்பர் 4 அன்று கேய்செய் பாதைக்கும் சுரங்கத்துக்கும் இடையே நேரடி ரயில் ஓடத் தொடங்கியது. கேய்க்யூ 1968இல் சேர்ந்தது.

கேள்வி: அந்தப் பெட்டிகளின் முகப்பில் நடுவே ஒரு கதவு எதற்கு?

பதில்: சுரங்கத்தில் ரயில் நின்றுவிட்டால் பக்கவாட்டில் இறங்க இடம் போதாது, முன்பக்கமாகத்தான் வெளியேற வேண்டும். கேய்க்யூவின் ஆரம்பகால 1000 வகைப் பெட்டிகளில் இந்தக் கதவு கிடையாது; பிறகு முகப்பை மாற்றிப் பொருத்தினார்கள்.

கேள்வி: நிறுவனம் மாறினால் ஓட்டுநர்?

பதில்: அவரும் மாறுவார். இரண்டு பாதையும் சேரும் ஓஷியாகே நிலையத்தில் கேய்செய் ஓட்டுநர் இறங்க, மாநகரச் சுரங்க ரயில் ஓட்டுநர் ஏறுவார். பயணி உட்கார்ந்த இடத்தை விட்டு எழ வேண்டியதில்லை.