வராத நாளுக்கு மறுநாள்

கேள்வி: எங்கள் சபைக்கு வந்த ஊழியக்காரர் ஒருவர் இயேசு மறுபடி வரும் இரண்டாம் வருகைக்கு வருஷமே குறித்துச் சொல்லிவிட்டுப் போனார். தங்கையின் படிப்புக்குப் போட்ட பேங்க் டெபாசிட்டை எடுத்து ஊழியத்துக்குக் கொடுத்துவிடலாம் என்கிறார் அம்மா. இப்படி நம்பியவர்கள் அப்புறம் என்ன ஆனார்கள்?
– ஒரு வாசகி, நாசரேத்

பதில்: அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்து லோ ஹாம்ப்டனில், வில்லியம் மில்லர் என்று ஒரு விவசாயி இருந்தார். பைபிளில் தானியேல் 8:14-இல் வரும் 2300 இராப்பகலை 2300 வருஷமாக எடுத்துக்கொண்டு, கி.மு. 457-இலிருந்து எண்ணி, 1843 வாக்கில் கிறிஸ்து வருவார் என்றார். வரவில்லை. கி.மு.வுக்கும் கி.பி.க்கும் நடுவே பூஜ்ய வருஷம் கிடையாதே என்று கணக்கு நீண்டது. கடைசியில் சாமுவேல் ஸ்னோ என்பவர் 1844 அக்டோபர் 22 என்று நாளே குறித்தார்.

சிலர் விளைந்ததை அறுக்காமல் விட்டார்கள், சிலர் கடையை மூடினார்கள். (வெள்ளை அங்கி உடுத்திக் காத்திருந்தார்கள் என்பது கேலிக்காரர்கள் பரப்பிய கதை.) அன்றிரவு விடியும்வரை அழுதோம் என்று ஹைரம் எட்சன் என்ற விவசாயி எழுதிவைத்திருக்கிறார். எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்: உலகம் தப்பித்ததே என்று அவர்கள் நிம்மதி அடையவில்லை. மாப்பிள்ளை வராத கல்யாண வீடு மாதிரி இடிந்துபோனார்கள். போதாததற்கு, "இன்னும் மேலே பரலோகத்துக்குப் போகலையா?" என்று அக்கம்பக்கத்தில் குத்தல் வேறு.

அப்புறம் பலர் விலகினார்கள். எட்சன் போன்றவர்கள், நாள் சரிதான், அன்று நடந்தது பரலோகத்தில் என்றார்கள். அந்த வழியில் 1863-இல் செவன்த் டே அட்வென்டிஸ்ட் சபை அமைந்தது. மில்லர் கணக்கில் பிழை என்று ஒப்புக்கொண்டார். ஆனாலும் 1849-இல் சாகும்வரை எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

நம் காலத்தில் ரேடியோ போதகர் ஹெரால்ட் கேம்பிங் 2011 மே 21 என்றார். அது போனதும் அக்டோபர் 21 என்றார். மறுவருஷம், நாள் குறித்ததே பாவம் என்று எழுதினார். அதற்குள் ஓய்வுபெற்ற நியூயார்க்காரர் ஒருவர் சேமிப்பிலிருந்து சுமார் 1,40,000 டாலரை அந்த மே 21-ஐ அறிவிக்கும் விளம்பரத்தில் போட்டு முடித்திருந்தார்.

அம்மாவோடு வசனச் சண்டைக்குப் போகாதீர்கள். அந்த நாளும் நாழிகையும் பிதாவைத் தவிர யாருக்கும் தெரியாது என்கிற மாற்கு 13:32 அவருக்கும் தெரியும். ஊழியக்காரர் தன் சொந்த வீட்டை விற்றுவிட்டாரா என்று மட்டும் விசாரிக்கச் சொல்லுங்கள். அவர் குறித்த வருஷம் சும்மா கடந்துபோனால், "நான் அப்பவே சொன்னேனே" என்று வாயைத் திறக்காதீர்கள். டெபாசிட்டை மட்டும் தொடவே வேண்டாம். முதிர்வுத் தேதி அந்த வருஷத்துக்கு அப்புறம் விழுந்தாலும் சரி.