புதர்த் தவளையை மற்ற மரத்தவளைகளிலிருந்து எப்படிப் பிரித்தறிவது?

அதுவும் மரத்தவளைக் குடும்பம்தான், ராக்கோஃபோரிடே. விரல் நுனியில் ஒட்டும் வட்டு இருப்பதால் பார்த்ததும் குழப்பம் வருவது இயல்பு. மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளில் இரவில் டிக் டிக் என்று கேட்பதில் பலவும் இவைதான்.

முன்பு இவற்றை ஃபிலாட்டஸ் பேரினத்தில் வைத்திருந்தார்கள். மரபணு ஆய்வுக்குப் பின் 2010-இல் தனிப் பேரினமாக்கி, தவளை ஆய்வாளர் சி. ஆர். நாராயண் ராவ் நினைவாக ராவோர்கெஸ்டிஸ் என்று பெயரிட்டார்கள். இலங்கையில் பரவியிருக்கும் சூடோஃபிலாட்டஸ் இதன் நெருங்கிய சொந்தம்.

அளவு சிறியது, பெரும்பாலும் கட்டைவிரல் நகம் முதல் முழுக் கட்டைவிரல் நீளம் வரை. ஆண் கத்தும்போது டார்ச் அடித்துப் பாருங்கள்: தொண்டைப் பை கண்ணாடிக் குமிழி போல ஒளி ஊடுருவ உப்பி நிற்கும்.

என்னைப் பொறுத்தவரை முக்கியமான அடையாளம் இனப்பெருக்கம். பல மரத்தவளைகள் நீர்நிலைக்கு மேலே நுரைக்கூடு கட்டும். குஞ்சுகள் நீரில் விழுந்து தலைப்பிரட்டையாக வளரும். புதர்த் தவளைக்குக் குளமே தேவையில்லை. முட்டைக்குள்ளேயே கால் முளைத்து, முழுத் தவளையாகவே வெளியே வரும். களக்காடு முண்டந்துறைப் பகுதியில் ஓர் இனம் ஈத்தை மூங்கிலின் கணுவிடைப் பொந்துக்குள் முட்டையிடுகிறது. காவல் இருப்பது ஆண்!

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், ஒரே இனத்துக்குள்ளேயே அது மாறும். இனம் பிரிக்கக் குரல்தான் நல்ல துணை. கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள்.